உலர் எடை

கோபித்துக்கொண்டு யாரும் எழுந்து போக முடியாது,
அதுதான் இங்கே உள்ள வசதி.
கடலூர் மஞ்சக்குப்பம், அரசு மருத்துவமனை,
டயாலிசிஸ் வார்டு,
செவ்வாய் வியாழன் சனி, மதிய ஷிப்ட்.
ஏழாம் கட்டில் கலியபெருமாள்,
எட்டாம் கட்டில் தேசிங்கு.
ஆளுக்கு இரண்டு ஊசி, இரண்டு குழாய், நாலு மணி நேரம்.
நான் பிளாஸ்திரி ஒட்டி முடிப்பதற்குள்
ஆரம்பித்துவிடுவார்கள்.

கலியபெருமாள் முப்பத்தோரு வருஷம்
மின்வாரியத்தில் லைன்மேன்.
தானே புயலுக்கு மறுநாள்
கெடிலம் தாண்டி ஒரு கம்பம் நிற்கவில்லை என்று தொடங்குவார்.
"தனியார்க்காரன் எறங்கியிருப்பானாய்யா,
இடுப்பளவு தண்ணியில?"
தேசிங்குக்குக் குறிஞ்சிப்பாடியில் உரக்கடை.
"எங்க தெருவுக்கு நீங்க வந்தது பதினெட்டாம் நாள்.
ஃபிரிட்ஜுல வச்ச கறி
தானா நடந்து வெளிய போயிடுச்சு."
மூன்று கட்டில் சிரிக்கும்.
ஆறாம் கட்டில் எப்போதும் தூங்கும்.

இந்த ஊசியும் மருந்தும்
காசில்லாமல் கிடைக்கும் காப்பீட்டு அட்டை
எங்காளு கொண்டுவந்தது என்பார் இவர்.
பேரை மாத்தி ஸ்டிக்கர் ஒட்டினதுதான் உங்காளு என்பார் அவர்.
இரண்டு பேர் அட்டையும்
என் மேஜை டிராயரில்
ஒரே ரப்பர் பேண்டுக்குள் கிடக்கிறது.

சிப்காட் பேச்சு வந்தால் குரல் இறங்கிவிடும்.
தேசிங்கின் மகனுக்கு அங்கேதான் வேலை.
கலியபெருமாளின் தங்கை வீட்டுக் கிணறு
அதற்குப் பக்கத்தில்.
"மூடணும்னு சொல்றீங்க. சரி, மூடிட்டான்.
பையன் ஓசூருக்குப் போயிடுவான்.
என்னை இங்க யாரு கூட்டியாருவா?"
அதற்கு மட்டும் கலியபெருமாள் பதில் சொன்னதில்லை.
காலை மாற்றிப் போட்டுக்கொள்வார்.

அரசு வேலை என்றால் தூங்குவான்,
ஒப்பந்தம் என்றால் ஓடிப்போவான்
என்று ஒரு வாரம் முழுக்க நடந்தது.
நான் ஒப்பந்தம்.
ஒன்பது வருஷமாக ஓடாத ஒப்பந்தம்.
இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.
ஊசியை உருவி, பஞ்சை வைத்து,
பத்து நிமிஷம் அமுக்கிப் பிடித்திருந்தேன்,
முதலில் இவர் கையை, அப்புறம் அவர் கையை.
இரண்டு பேரும் என் தலைக்கு மேலாகப்
பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஓர் ஆளின் ரத்தம் கழுவ
நூற்றிருபது லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும் மெஷினுக்கு.
ஆளுக்கு அனுமதித்தது
நாளைக்கு அரை லிட்டர்.
அந்த நூற்றிருபது எந்த ஊர் போரிலிருந்து வருகிறது என்று
இன்னும் சண்டை வரவில்லை.
நானாக எடுத்துக் கொடுக்கப் போவதில்லை.

போன வியாழன், சுட்டெரிக்கும் வெயில்.
கலியபெருமாளின் உலர் எடை ஐம்பத்தெட்டு.
தராசு அறுபத்திரண்டரை என்றது.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னேன்.
அறுபத்திரண்டே கால்.
"என்ன குடிச்சீங்க?"
மின்விசிறியைப் பார்த்தார்.
"மோர்."
"எங்க?"
"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல. பந்தல்ல."
எட்டாம் கட்டில் தலையைத் தூக்கியது.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருப்பது
தேசிங்கின் கட்சிப் பந்தல்.
"எத்தனை டம்ளர்?"
கேட்டது நான் இல்லை.
"செவ்வா சாயங்காலம் மூணு. நேத்து எண்ணலை."

செத்தார் மனுஷர், இனி ஆறு மாசத்துக்கு
இதுதான் பேச்சு என்று நினைத்தேன்.
தேசிங்கு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
"கொத்தமல்லி போட்டிருந்தானுங்களா?"
"ம். இஞ்சியும்."
"உப்பு?"
"ஒரு கல்லு தூக்கல்தான்."
"ஜில்லுன்னு இருந்துச்சா?"
"பானையில வச்சிருந்தான்யா."
எச்சில் விழுங்கினார் தேசிங்கு.
அந்தப் பந்தலுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர்.
ஒரு வாய் குடித்ததில்லை.

மூன்றாம் மணியில் ஏழுக்குக் கெண்டைக்கால் இழுத்தது.
வலியில் அவர் வாய் திறக்கவில்லை.
"சிஸ்டர், சிஸ்டர், இங்க பாருங்க" என்று
வார்டு அதிரக் கத்தியது எட்டு.
ஓடி வந்து பாதத்தை நெட்டித் தள்ளினேன்.
தசை இளகியது.
கலியபெருமாள் மூச்சு விட்டார்,
திரும்பிப் பார்த்தார், சொன்னார்:
"மோர் நல்லாத்தான் இருந்துச்சு.
ஓட்டு கிடையாது."

நோட்டில் எழுதினேன்:
எடுத்தது மூன்றே கால் கிலோ.
மிச்சம் ஒன்று, சனிக்கிழமை.